கொடை மூன்று நாளும் எந்த ஆட்டம் பார்க்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குமரி மாவட்டத்துத் தோவாளை வட்டத்தில் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. கோவிலை ஒட்டினாற்போல் எங்கள் வீடு. கொடைக்கு வரும் ஆட்டக்காரர்கள் வேடம் கட்டுவதும், சாப்பிடுவதும், விடிந்தபின் கண்ணயர்வதும் வீட்டு முன்கூடமான எங்கள் தார்சாவில்தான். அதனால் மாசி முடிவதற்குள்ளேயே போன் வர ஆரம்பித்துவிடும். நாகர்கோவிலில் இருக்கிற மைனி, சென்னையில் வேலை பார்க்கிற பிள்ளைகள், அவர்களோடு முதல் தடவை வருகிற சிநேகிதர்கள் எல்லோரும் கேட்கிறார்கள்: எதைப் பார்க்கணும், எத்தனை மணிக்கு வரணும்? வருஷா வருஷம் சொல்லிவந்த பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

கொடை என்றால் என்ன? எத்தனை நாள்?

அம்மன், இசக்கி, சுடலைமாடன் போன்ற ஊர்த்தெய்வங்களுக்கு ஆண்டுக்கொரு முறை எடுக்கும் விழா. கும்பப்பூ நெல் அறுவடை முடிந்து கையில் காசு புழங்கும் பங்குனி, சித்திரையில் நாஞ்சில் நாட்டில் கொடைகள் அதிகம். ஆடியிலும் ஆவணியிலும் உண்டு. பழைய கணக்கில் செவ்வாயும் வெள்ளியும்தான் கொடை நாள். வெளியூர்ப் பிள்ளைகள் வந்துசேர வேண்டுமே என்று எங்கள் ஊரில் வெள்ளி சாயங்காலம் சாமியை அழைக்கும் குடியழைப்பு, சனி மதியம் உச்சிக்கொடை, சனி நள்ளிரவு சாமக்கொடை, ஞாயிறு பொங்கலும் கலைநிகழ்ச்சியும் என்று மாற்றிவிட்டோம். தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டுத்தான் எல்லாச் செலவும்.

ஆட்ட வரிசை: வெள்ளி இரவும் சனி பகலும் வில்லுப்பாட்டு. சனி இரவு கணியான் கூத்து. ஞாயிறு பொழுது சாய்ந்ததும் பாவைக்கூத்து, அதற்குப் பிறகு கரகாட்டம். நையாண்டி மேளம் மூன்று நாளும் ஊரைச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

ஒரே ஒரு இரவுதான் வர முடியும். எதைப் பார்க்க?

சனிக்கிழமை இரவு கணியான் கூத்து. யோசிக்கவே வேண்டாம். ஆனால் பத்து மணிக்கு வந்து பதினொன்றுக்குக் கிளம்புவதாக இருந்தால் வராதீர்கள். அந்தக் கூத்து சூடு பிடிப்பதே நடுச்சாமத்துக்கு மேல்தான்.

மகுடாட்டம் என்றும் சொல்வார்கள். நெல்லை, தூத்துக்குடி, குமரி மாவட்டங்களில் கணியான் சமூகத்தார் வழிவழியாக ஆடிவரும் கூத்து. பாட்டை நடத்துகிறவர் அண்ணாவி. அவருக்குப் பின்பாட்டு ஒருவர். மகுடம் என்ற தோல்வாத்தியம் இரண்டு, ஒன்று உச்சம், மற்றது மந்தம். உச்சம் கேள்வி கேட்டால் மந்தம் பதில் சொல்கிற மாதிரி இருக்கும். சேலை கட்டி, சலங்கை கட்டிய ஆண்கள் இரண்டு பேர் முன்னால் நின்று ஆடுவார்கள். மேடை கிடையாது. சாமிக்கு முன்னால் வெறும் தரைதான்.

ஆட்டத்துக்கு முன்னே வைக்கோல் கொளுத்தி மகுடத்தைக் காய வைக்கிறார்கள். தோல் இறுகிற்றா என்று விரலால் தட்டித் தட்டிப் பார்ப்பார்கள். அந்த 'டிண்' என்ற சத்தம் தார்சா வரை கேட்டதும் எங்கள் வீட்டு நண்டு சிண்டெல்லாம் எழுந்து ஓடிவிடும். அண்ணாவி ஒரு காதைக் கையால் பொத்திக்கொண்டு குரலை எடுப்பார். சுடலைமாடன் கதையில் மந்திரவாதியின் மகள் மாவிசக்கி வரும் கட்டம் வந்தால், ஆடுகிறவர் அதுவரை ஆடின துள்ளலை நிறுத்திவிட்டு, ஒரு கையால் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தண்ணிக்குடம் எடுத்துப் போகிற பெண்ணைப்போல நாலே எட்டு வைத்து நடப்பார். இடுப்பில் குடம் இல்லை. ஆனால் குடம் தளும்புவது தெரியும். உட்கார்ந்திருக்கிற ஆச்சிமார் 'ஏ, நம்ம வடக்குத்தெருக்காரி நடைலா இது' என்று சிரிப்பார்கள். அந்த நாலு எட்டுக்காக இரவு முழுக்க விழித்திருக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. சில கோவில்களில் சாமக்கொடையின்போது கணியான் தன் கையைக் கீறி இரத்தம் கொடுக்கும் சடங்கு உண்டு. பார்க்க மனம் கேட்காதவர்களும் சின்னப் பிள்ளைகளை வைத்திருப்பவர்களும் அந்த நேரம் விலகியிருந்துவிட்டு அப்புறம் வாருங்கள்.

ஆண்கள் சேலை கட்டி ஆடுவது சிரிப்புக்காகவா?

சிரிப்பும் உண்டு. ஆனால் அந்த வேடத்தைக் கேலிப்பொருள் என்று எடுத்துக்கொண்டால் பாதி ஆட்டம் கண்ணில் படாமல் போகும்.

ஒரு தடவை வேடம் கட்டுவதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஐம்பதை நெருங்கும் மனிதர். பகலில் வயல்வேலை. சவரம் பண்ணி, முகத்துக்குப் பவுடர் போட்டு, புருவம் தீட்டி, சவுரி வைத்துக் கட்டினார். கடைசியாக, மடித்துக் கொண்டுவந்திருந்த சேலையை எடுத்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். 'மதினி சேலை அக்கா. அவதான் தேச்சுத் தருவா. அழுக்காக்கிட்டு வந்தா ஏசுவா' என்றார். சேலை கட்டி முடிக்கும் வரை எங்களோடு பேசிக்கொண்டிருந்தவர், சலங்கை கட்டின பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. காலைத் தரையில் ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு வெளியே போனார்.

அவர் பெண்ணைக் கேலி செய்து ஆடவில்லை. கர்வம் பிடித்த ராசாவையும், பொய்ச்சத்தியம் பண்ணுகிறவனையும், பெண்டாட்டியை அடிக்கிறவனையும் அந்தச் சேலையோடு நின்று கேலி செய்தார். ஆண் உடுப்பில் நின்று சொன்னால் சண்டை வரக்கூடிய பேச்சு, சேலை கட்டிச் சொல்லும்போது ஊரே கேட்டுக்கொள்கிறது.

வில்லுப்பாட்டு சாமிக்கதைதானே? அதில் என்ன வேடிக்கை?

சாமிக்கதைதான். முத்தாரம்மன், இசக்கி, சுடலைமாடன், முத்துப்பட்டன், தோட்டுக்காரி அம்மன், தம்பிமார் என்று கதைகள் ஏராளம். சாமியை வரவழைக்கும் வரத்துப் பாடும்போது, சாமியாடுகிற கோமரத்தாடிக்குச் சாமி வந்துவிடும். அப்போது யாரும் சிரிக்க மாட்டார்கள், சிரிக்கவும் கூடாது.

ஆனால் ஒரு கதையை ஐந்தாறு மணிநேரம் உட்கார்ந்து கேட்க வைப்பது, நடுவில் இருக்கும் புலவருக்கும் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கும் நடக்கும் பேச்சுத்தான். புலவர் வீசுகோலால் வில்லின் நாணைத் தட்டி ஒரு அடி பாடி நிறுத்துவார். பக்கப்பாட்டுக்காரர் ஒன்றும் தெரியாதவர் மாதிரி ஒரு கேள்வி கேட்பார். 'ராசா வேட்டைக்குப் போனாரு சரி, வீட்ல அரிசி இருந்துதா?' என்பதுபோல. குடம் அடிக்கிறவரைக் கவனியுங்கள். ஒரு கையில் பத்தி என்கிற கமுகம்பாளை மட்டை, மற்றக் கையில் ஒரு நாணயம். பத்தியால் குடத்து வாயில் அடித்தால் அடிவயிற்றில் கேட்கும் ஒலி, நாணயத்தால் பக்கத்தில் தட்டினால் பல்லில் கூசும் ஒலி. பேச்சுக்கு நடுவே எந்த இடத்தில் எந்த ஒலி விழுகிறது என்பதில்தான் பாதிச் சிரிப்பு இருக்கிறது. சொல்ல வேண்டிய கெட்ட வார்த்தையைச் சொல்லாமல் குடத்தில் ஒரு அடி விழும். கூட்டம் புரிந்துகொள்ளும்.

இந்தச் சாமர்த்தியம் இந்த மண்ணிலிருந்து வெகுதூரம் போயிருக்கிறது. கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் 1908-ல் நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்தவர். கோவில் முற்றத்து வில்லை நாடக மேடைக்கும் திரைப்படத்துக்கும் கொண்டுபோனவர். அவரோடு சேர்ந்து வேலை செய்த நெல்லைச் சீமைக்காரர் சுப்பு ஆறுமுகம் அதைச் சென்னையில் வளர்த்தார். 2021-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அடுத்த ஆண்டு அவர் காலமானார். கலைவாணரின் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களை நான் வெள்ளிக்கிழமை இரவு எங்கள் கோவில் பந்தலில் கொண்டுவந்து உட்கார வைத்துவிடுவேன்.

எந்தக் கதை இருந்தால் கட்டாயம் வரணும்?

நீலி கதை. பெண் புலவர் பாடினால் இன்னும் விசேஷம். முன்னே பெரும்பாலும் ஆண்களே நடுவில் இருந்து பாடினார்கள். இப்போது குமரி மாவட்டத்தில் பெண்கள் பலர் வீசுகோல் பிடிக்கிறார்கள்.

கதை தெரியாதவர்களுக்கு: கொலையுண்ட பெண் மறுபிறவியில் நீலியாகப் பிறந்து, தன்னைக் கொன்றவனும் மறுபிறவி எடுத்துச் செட்டியாக வரும்போது வழிமறிக்கிறாள். கள்ளிக்கொப்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, 'இவர் என் புருஷன், என்னை விட்டு ஓடுகிறார்' என்று பழையனூர் வேளாளர்களிடம் முறையிடுகிறாள். 'இவள் பேய், என்னைக் கொல்ல வருகிறாள்' என்று அவன் கதறுகிறான். அவள் அழுகையைப் பார்த்து ஊர்ப்பெரியவர்கள் அவள் பக்கம் நிற்கிறார்கள். இரவு அவன் செத்துக் கிடக்கிறான். கொடுத்த வாக்குக்காக எழுபது வேளாளரும் தீயில் இறங்குகிறார்கள்.

இந்த முறையீட்டுக் கட்டத்தை ஒரு புலவர் பாடினதை என்னால் மறக்க முடியாது. மூக்கை உறிஞ்சி, முந்தானையால் கண்ணைத் துடைத்து, 'பிள்ளைக்குப் பால் இல்லையே' என்று அழுதபடி வந்தவர், பெரியவர்கள் கண்ணைத் திருப்பின கணத்தில் உதட்டோரம் ஒரு சிரிப்பைக் காட்டிவிட்டு மறுபடி அழுதார். அரை வினாடிகூட இருக்காது. பின்வரிசையில் இருந்த பாட்டா 'எம்மா!' என்று சொல்லிவிட்டார். உடுக்கைக்காரர் அந்த இடத்தில் கையை எடுத்துவிட்டார். பந்தலில் ஒரு சத்தமும் இல்லை. சிரிக்கிறதா பயப்படுகிறதா என்று தெரியாமல் நாங்கள் உட்கார்ந்திருந்தோம்.

மேளத்துக்கு ஏன் நையாண்டி என்று பெயர்?

கேலிதான் அதன் வேலை. இரண்டு நாதசுரம், இரண்டு தவில், பம்பை, தமுக்கு, தாளம் என்று போகும். சில குழுவில் உறுமியும் இருக்கும். கோவில் மேளத்துக்குரிய அடக்கம் இதற்குக் கிடையாது. தெருவில் யார் எப்படி நடக்கிறார்களோ அதைத் தவிலில் வாசித்துக் காட்டுவார்கள். தொப்பை வைத்த ஆள் வந்தால் ஒரு நடை, அவசரமாக ஓடுகிற பையனுக்கு ஒரு நடை. எங்கள் வீட்டுக்காரர் கால் சுளுக்கி நொண்டிக்கொண்டு போனபோது தவில்காரர் அதையும் விடவில்லை. வீட்டுக்காரரும் சிரித்தபடி நின்று இன்னும் கொஞ்சம் நொண்டிக் காட்டினார். அதற்கும் அடி விழுந்தது.

கரகாட்டத்தைக் குடும்பத்தோடு பார்க்கலாமா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். நேராகவே சொல்கிறேன்: பார்க்கலாம், குழுவைப் பொறுத்தும் கூட்டத்தைப் பொறுத்தும்.

கரகம் குமரிக்குச் சொந்த ஆட்டம் என்று சொல்ல முடியாது. நெல்லைப் பக்கமிருந்தும் மதுரைப் பக்கமிருந்தும் குழுக்கள் வருகின்றன. சாமிக்கு எடுப்பது சக்திக் கரகம், கலைக்காக ஆடுவது ஆட்டக் கரகம். தலையில் இருப்பது அலங்காரக் குடம் மட்டும் என்று நினைக்காதீர்கள். உள்ளே அரிசியோ மண்ணோ நிறைத்துக் கனம் ஏற்றியிருப்பார்கள். அந்தக் கனம்தான் நிலைக்க வைக்கிறது. கையால் தொடாமல் அதைத் தலையில் வைத்துக்கொண்டு ஏணியில் ஏறுவதும், பின்னால் வளைந்து தரையில் கிடக்கும் ரூபாய் நோட்டை இமையால் எடுப்பதும் பல வருஷப் பயிற்சி.

எனக்குப் பிடித்தது இந்த வித்தைகளைவிட, ஆடுகிறவளுக்கும் தவில்காரருக்கும் நடக்கும் வம்பு. அவள் திடீரென்று நின்றுவிடுவாள். இடுப்பில் கை. தவில்காரரை மேலும் கீழும் ஒரு பார்வை. அவர் சமாதானம் கேட்பதுபோல மெதுவாக உருட்டுவார். அவள் குதிகால் சலங்கையால் 'சலுக்' என்று ஒன்று, முடியாது என்று அர்த்தம். அவர் இன்னும் குழைந்து வாசிப்பார். மறுபடி 'சலுக்'. இப்படியே அவரை முட்டி போட வைத்துவிட்டு, ஒரு சுழற்சி சுழன்று ஆட்டத்துக்குள் வந்துவிடுவாள். இவ்வளவு நேரமும் குடம் அசையாது. எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லோருக்கும் அந்தக் கட்டம் பிடிக்கும். காரணம் சொல்லத் தேவையில்லை.

கெட்டுப்போவது எங்கே என்றால், கூட்டத்தில் நாலு பேர் குடித்துவிட்டு வந்து ஆபாசப் பாட்டுப் போடச் சொல்லிக் கத்தும்போதும், ஆடுகிற பெண்ணின் உடையில் நோட்டைக் குத்த வரும்போதும்தான். ஆட்டக்காரிமேல் பழியைப் போட்டுவிட்டுப் போவது சுலபம். அவளைக் கூலிக்கு அழைத்தவர்களும் கத்தினவர்களும் நம் ஊர்க்காரர்கள். ஆடல் பாடல் நிகழ்ச்சிகளில் ஆபாச உடை, இரட்டை அர்த்தப் பாட்டு, சாதி, கட்சிப் பாட்டு கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை பலமுறை நிபந்தனை போட்டிருக்கிறது. எங்கள் ஊரில் கயிறு கட்டி, முன்வரிசை முழுக்கப் பெண்களையும் பிள்ளைகளையும் உட்கார வைக்கிறோம். வேறு ஒன்றும் செய்யவில்லை. அதற்குப் பிறகு இந்தத் தொந்தரவு எங்களுக்கு வந்ததில்லை.

முன்பு கரகத்தோடு குறவன் குறத்தி ஆட்டம் வருமே, இப்போது ஏன் இல்லை?

2023-ல் மதுரைக் கிளை உத்தரவைத் தொடர்ந்து தமிழக அரசு அதைத் தடை செய்துவிட்டது. ஒரு சமூகத்தின் பெயரை வைத்துக்கொண்டு அவர்கள் பெண்களை ஆபாசமாகக் காட்டினார்கள். அந்தச் சமூகத்தார் பல காலமாகக் கேட்டு வந்த தடை. நல்லது என்றே நினைக்கிறேன். வலியவனைக் கேலி செய்யலாம். ஏற்கெனவே ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவனைக் கேலி செய்வதில் என்ன கலை இருக்கிறது?

பிள்ளைகளுக்கு எது சரி?

தோல்பாவைக்கூத்து. ஞாயிறு ஆறரைக்கே வந்து திரைக்கு முன்னால் இடம் பிடியுங்கள். இதை ஆட்டுகிறவர்கள் வீட்டில் மராத்தி பேசும் குடும்பத்தார். ராமாயணத்தைப் பத்து நாள் ஆட்டத் தெரிந்தவர்கள். ஒரு ஊரில் ஒரு இரவுதான் கிடைக்கிறது, அதனால் ஒரு கட்டம் மட்டும். ஆட்டுத்தோலில் வெட்டி வண்ணம் தீட்டிய பாவைகள். அத்தனை பேருக்கும் குரல் கொடுப்பவர் ஒரே ஆள். ராமனுக்கும் அவர், அனுமாருக்கும் அவர், சூர்ப்பனகைக்கும் அவர்.

பிள்ளைகள் காத்திருப்பது கோமாளிப் பாவைகளான உச்சிக்குடும்பனுக்கும் உளுவத்தலையனுக்கும். ராமன் காட்டுக்குப் போகிற துக்கத்தின் நடுவே இவர்கள் இரண்டு பேரும் வந்து ரேஷன் கடை அரிசியைப் பற்றிப் பேசுவார்கள். ஒருவர் தலையில் ஒருவர் அடிப்பார்கள். ஆட்டம் முடிந்தபின் திரைக்குப் பின்னால் பிள்ளைகளைக் கூட்டிப் போய்க் காட்டுங்கள். விளக்கு வெளிச்சத்தில் தோலின் வண்ணம் ஊடுருவித் தெரிவதை ஒருமுறை பார்த்தால் மறக்க மாட்டார்கள்.

அமெரிக்காவில் பர்லெஸ்க் விழா என்று ஒன்று நடக்கிறதே, அதுவும் இதுவும் ஒன்றா?

என் நாத்தனார் மகள் கேட்டது. அவள் அங்கே வேலை பார்க்கிறாள். லாஸ் வேகாஸில் ஆண்டுதோறும் நடக்கும் வாரக்கடைசி விழாவுக்கு சிநேகிதிகளோடு போய்வந்து, 'அத்தை, எனக்கு நம்ம ஊர் கொடைதான் ஞாபகம் வந்துது' என்றாள். முதலில் எனக்குப் பிடிபடவில்லை. உடையைக் களைந்து ஆடுகிற ஆட்டம் என்று மட்டும்தான் கேள்விப்பட்டிருந்தேன். அவள் சொல்லச் சொல்லத்தான் விளங்கியது.

அந்தச் சொல்லுக்கு மூலம் இத்தாலிய மொழியில் கேலி என்று பொருள்படும் ஒரு சொல். 1868-ல் லிடியா தாம்சன் என்ற நடிகை இங்கிலாந்திலிருந்து தன் பெண்கள் குழுவோடு நியூயார்க் போய், ஒரு கிரேக்கப் புராணக்கதையைக் கேலி நாடகமாக நடத்தினார். ஆண் வேடங்களையும் பெண்களே கட்டினார்கள். ஊர் ஒரு பக்கம் திரண்டு வந்தது, மறுபக்கம் திட்டியது. பிற்பாடு உடை களையும் ஆட்டம் அதில் முக்கியமானது. 1937-ல் நியூயார்க் நகர நிர்வாகம் அந்த அரங்குகளை மூட வைத்தது. 1990-களில் புதுத் தலைமுறைப் பெண்கள் அதைத் திரும்ப எடுத்தார்கள்.

ஒன்று என்று சொல்ல மாட்டேன். எங்கள் ஆட்டம் சாமிக்கு முன்னால் நடப்பது, அது அரங்கத்தில் காசு கொடுத்துப் பார்ப்பது. ஆனால் அங்கே பெண் ஆண் வேடம் கட்டிப் பெரிய மனிதர்களைச் சீண்டினாள், இங்கே ஆண் சேலை கட்டிச் சீண்டுகிறான். இரண்டு இடத்திலும் ஆடுகிறவர்தான் கூட்டத்தை ஆட்டி வைக்கிறார். அவள் சொன்னதில் என்னைத் தொட்டது வேறொன்று. அந்த விழாவில் ஓர் இரவு, ஐம்பது அறுபது வருஷம் முன்னால் ஆடின பெண்களை அழைத்து மேடை ஏற்றுகிறார்களாம். கூட்டம் முழுக்க எழுந்து நிற்குமாம். அதைக் கேட்டதிலிருந்து நம் பக்கத்தில் வயதான ஆட்டக்காரிகள் எங்கே போகிறார்கள் என்ற நினைப்பு எனக்கு விடவே இல்லை.

அன்பளிப்பு எப்படிக் கொடுக்கணும்?

கமிட்டியில் கொடுத்துவிடலாம், அல்லது ஆட்டம் முடிந்து வாழி பாடினபின் தட்டில் வைத்துக் கொடுக்கலாம். கதை ஓடிக்கொண்டிருக்கும்போது நூற்றொரு ரூபாயை நீட்டி, பெயரை மைக்கில் வாசிக்கச் சொல்லாதீர்கள். நீலி அழுதுகொண்டிருக்கும்போது 'இன்னார் அன்பளிப்பு' என்று புலவர் நிறுத்த வேண்டியிருக்கிறது. ஆடுகிற பெண்ணின் கையில்கூட நேராகக் கொடுக்க வேண்டாம், தட்டில் வையுங்கள்.

போனில் படம் எடுக்கலாமா?

வில்லுக்கும் மேளத்துக்கும் தடையில்லை. வேடம் கட்டும் இடத்தில் கூடாது. சாமி வந்து ஆடுகிறவர்களையும் எடுக்காதீர்கள். கரகாட்டத்தில் ஆடுகிறவளிடம் முன்னாலேயே கேட்டுவிடுங்கள். துண்டு துண்டாக வெட்டி அசிங்கமான தலைப்பு வைத்து இணையத்தில் போட்டதால், பிள்ளையின் பள்ளிக்கூடம் வரை போய் அவமானப்பட்ட ஒரு தாயின் கதை எங்கள் தார்சாவில் உட்கார்ந்து சொல்லப்பட்டது. அதைக் கேட்டபின் நான் இதில் கண்டிப்பாக இருக்கிறேன்.

இரவு பத்து மணிக்கு மேல் மைக் கிடையாதாமே?

2000-ஆம் ஆண்டு ஒலிமாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. விழாக்களுக்காக ஆண்டில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை அரசு தளர்வு கொடுக்கலாம். எங்களுக்கு இதில் வருத்தம் இல்லை. கணியான் கூத்துக்கு மைக் தேவையே இல்லை. மைக் அணைந்தபிறகு கூட்டம் தானாகவே பத்தடி முன்னால் நகர்ந்து வந்து உட்காரும். அப்போதுதான் சலங்கையில் எந்த மணி நடுங்குகிறது என்பதுகூடக் கேட்கும்.

வருகிற வழி, சாப்பாடு, தூக்கம்?

நாகர்கோவில் வடசேரியிலிருந்து நெல்லை போகிற பஸ்ஸில் ஏறி, தோவாளை தாண்டி இறங்கி, போன் பண்ணுங்கள். யாராவது வண்டியோடு வருவார்கள். சாப்பாடு கோவிலில். எங்கள் வீட்டில் முந்திரிக்கொத்து இருக்கும். சித்திரையில் கொடை வந்தால் காலையில் அக்கானி, அதாவது பதநீர் கிடைக்கும், வெயில் ஏறுமுன்னே குடித்துவிடுங்கள். தூக்கம் பகலில்தான். பாய் உண்டு, கட்டில் கிடையாது.

மாவட்டத்தில் வேறு என்ன பார்க்கலாம்?

மேற்கே போனால் களியல் ஆட்டம். குத்துவிளக்கைச் சுற்றி ஆண்கள் வட்டமாக நின்று கழிகளை அடித்து ஆடுவது. கடற்கரைக் கிறிஸ்தவர்களும் ஆடுகிறார்கள், உட்பகுதி இந்துக்களும் ஆடுகிறார்கள். மெதுவாகத் தொடங்கி, கடைசியில் கழி கண்ணுக்குத் தெரியாத வேகம். திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோவில் திருவிழாவில் இரவு கதகளி. 1956 நவம்பர் வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்த மண் என்பது அங்கே போனால் புரியும்.

மெல்லிசைக் கச்சேரி ஏன் இப்போது வைப்பதில்லை?

வைத்துப் பார்த்தோம். நானும் அதற்குக் கை தூக்கினவள்தான். ஒன்பதுக்குத் தொடங்கின கச்சேரி நள்ளிரவு வரை இழுத்தது. கணியான் குழு வேடத்தோடு எங்கள் தார்சாவில் காத்திருந்தது. கச்சேரி முடிந்ததும் கூட்டம் கலைந்துவிட்டது. அண்ணாவி வெளியே வந்து பார்த்தபோது பதினோரு பேர் இருந்தோம், அதில் ஏழு பேர் ஆச்சிமார். 'சாமி இருக்குல்லா, போதும்' என்று சொல்லிவிட்டு மகுடத்தைக் காய வைக்கச் சொன்னார். விடியும் வரை ஒரு கட்டத்தைக்கூடக் குறைக்காமல் பாடினார். அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் அந்த ஏழு ஆச்சிமாரும் எழுந்து நின்றார்கள். கச்சேரி பேச்சு அதோடு முடிந்தது.

போன கொடையில் உங்கள் மனதில் நின்றது எது?

ஆடுகளத்தில் நடந்ததே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கரகாட்டக் குழுவோடு அறுபது தாண்டிய ஒரு அக்கா வந்திருந்தார். ஆடுகிற பெண்களுக்குச் சேலை மடித்துக் கொடுப்பது, பூக்கட்டுவது, பிள்ளையைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. ஒரு காலத்தில் ஆடினவர் என்று யாரும் சொல்லவில்லை. சாப்பாடு முடிந்து எல்லோரும் சாய்ந்திருந்தார்கள். தவில்காரர் தோலைச் சரிபார்க்க லேசாகத் தட்டிக்கொண்டிருந்தார். பூக்கட்டிக்கொண்டிருந்த அக்காவின் கட்டைவிரல் தரையில் தாளம் போடுவதை அவர் பார்த்துவிட்டார். கொஞ்சம் அழுத்தி வாசித்தார். அக்கா நிமிரவில்லை. அவர் இன்னொரு நடை மாற்றினார். 'ஏய், வம்பு பண்ணாத' என்றார் அக்கா, தலை நிமிராமலே. அவர் விடவில்லை.

அக்கா பூவை ஒதுக்கிவைத்துவிட்டு எழுந்தார். சுவரோரம் இருந்த கரகத்தை எடுத்தார். சும்மாடு இல்லை, சலங்கை இல்லை. தலையில் வைத்து இரண்டு கையையும் மெல்ல எடுத்துவிட்டு, ஒரு கணம் அப்படியே நின்றார். பிறகு தார்சாவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தார். ஆட்டம் என்றுகூடச் சொல்ல முடியாது. தோள் மட்டும் பேசியது. பாதி வழியில் நின்று, இடுப்பில் கை வைத்து, தவில்காரரை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தார். அவர் வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். படுத்திருந்த பெண்கள் எழுந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பிள்ளை கை தட்டியது. மற்றவர்களுக்குக் கை தட்டத் தோன்றவில்லை, எல்லோரும் எழுந்து நின்றுவிட்டோம்.

அக்கா குடத்தை இறக்கி வைத்தார். நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு, பூவைத் திரும்ப எடுத்து மடியில் வைத்தார். 'யம்மா, கொஞ்சம் சுக்குக்காப்பி இருக்கா?' என்று என்னிடம் கேட்டார்.